ஃப்ளோரிடா கடற்கரையில் கிடைத்தது வலம்புரிச் சங்குதானா?

செல்வி (டாம்பா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இவ்வளவு நாளாகப் படிக்க மட்டும்தான் செய்தேன். முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆறுமுகநேரி. இப்போது ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை சுறாப்பல் கோத்த கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாளாம். அன்றிலிருந்து வெனிஸ் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். இத்தாலியில் இருக்கும் வெனிஸ் இல்லை. எங்களுக்குத் தெற்கே காரில் ஒன்றரை மணி நேரத்தில் அதே பெயரில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கல்லாகிப்போன சுறாப்பல் அந்த ஊர்க் கடற்கரையில் அலையோடு வந்து ஒதுங்கும். 'உலகத்தின் சுறாப்பல் தலைநகர்' என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போனோம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் குளிர்காற்று அடித்து, மேற்கிலிருந்து கடல் கொந்தளித்து அடங்கியிருந்தது. காஸ்பர்சன் கடற்கரையில் இறங்கினோம். கையில் காய் கழுவுகிற பிளாஸ்டிக் வடிகூடை. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை, மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் குனிந்து, அலை இறங்கும்போது ஈர மணலில் கிளிஞ்சல் தூள் கோடாகத் தங்கும் இடத்தைக் காட்டி, "வடிவத்தைத் தேடாதே, பளபளக்கிற கறுப்பைத் தேடு" என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மதியத்துக்குள் நாற்பத்தொரு பல். அதிகமும் பச்சரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்று மட்டும் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி.

நான் கேட்க வந்தது பல்லைப் பற்றி இல்லை. திரும்பி வரும் வழியில் கிளிஞ்சல் குவியலுக்குள் பாதி புதைந்து ஒரு சங்கு கிடந்தது. ஏழு அங்குலம் இருக்கும். உள்ளே உயிர் இல்லை, நண்டும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். கையில் பிடித்ததுமே ஏதோ மாறியிருக்கிறது என்று பட்டது. நான் தாத்தா வீட்டில் சங்கில் பால் குடித்து வளர்ந்தவள். வீட்டுச் சங்கைப் பிடிக்கிற மாதிரி இதைப் பிடித்தால் வாய் வலது பக்கம் வருகிறது.

அங்கேயே மணலில் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். பார்த்த உடனே அம்மா, "ஏட்டி, இது வலம்புரில்லா! பையில போடாத, முந்தானையில வச்சுக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அத்தை, பெரியம்மா எல்லாருக்கும் செய்தி போய்விட்டது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் சித்தப்பா இரண்டு வருடத்துக்கு முன்னால், ஊரைச் சொல்லவில்லை, ஒரு கோயில் வாசல் கடையில் அறுபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வலம்புரிச் சங்கு வாங்கினார். வெள்ளித் தாங்கியில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றிப் பூசை செய்கிறார். அம்மா அதன் படத்தை அனுப்பினார். அவருடையது மெருகேற்றிய வெள்ளை நிறம். என்னுடையதில் பழுப்பு வரிகள் இருக்கின்றன, தோளில் சுற்றிலும் சின்னச் சின்ன மேடுகள். ஆனால் உருவம் இரண்டுக்கும் ஒன்று போலவே இருக்கிறது. கால் மைல் நடையில் கீழே கிடந்த பொருளும் அறுபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பொருளும் ஒன்றாக இருக்க முடியுமா? யோசித்து யோசித்து இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது வலம்புரிதானா? ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா? அப்புறம் மகள் வேறொன்றும் எடுத்து வந்திருக்கிறாள். கறுப்பாக, ஒரு சாண் நீளம், லேசாக வளைந்து, எரிந்த விறகுக்கட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் கல் கனம். அது என்ன? கடைசியாக, கடல் கண்ணாடியும் (உடைந்த பாட்டில் துண்டு அலையில் உருண்டு தேய்ந்து வழவழப்பானது) வேண்டும் என்று தேடினாள், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அது இங்கே கிடைக்கவே கிடைக்காதா?

---

முத்துநகர் சங்குக்காரர் எழுதியது:

தங்கச்சி, நான் தூத்துக்குடி. தாத்தா சங்கு குளித்தவர். அப்பா குடோனில் சங்கு தரம் பிரித்தவர். நான் பத்து வயதிலிருந்து அந்தக் குடோன் நாற்றத்திலேயே வளர்ந்தவன். சதை அழுகி வெளியே வரும்வரை சங்கைக் குவித்து வைத்திருப்பார்கள், தெரு முழுக்க மணக்கும். இப்போது வேறு தொழில் பார்க்கிறேன். ஆனாலும் சங்கு என்று யாராவது பேசினால் பேசாமல் போக முடியாது.

உங்கள் கையில் இருப்பது நம்ம சங்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாள் தூக்கம் போகும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன அந்தப் பழுப்பு வரியும் தோள் மேடுகளுமே போதும். நம்ம சங்குக்குத் தோளில் அப்படி முள்வரிசை கிடையாது. கடலிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டினால் கீழே பீங்கான் மாதிரி வெள்ளை. தட்டிப் பார்த்தாலே கனமும் தடிப்பும் தெரியும். உங்களுடையது அமெரிக்கக் கடலில் இருக்கிற வேறொரு சாதி. பெயரை ஃப்ளோரிடாவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுவார்கள்.

இதில் குழப்பம் வருவது வலம், இடம் என்கிற கணக்கில். நாம் சங்கைப் பிடிப்பது பால் புகட்டுகிற, அபிஷேகம் செய்கிற கையால். சங்கின் வாய் மேலே பார்க்க, நீர் வழிகிற மூக்கு நமக்கு எதிர்ப்பக்கமாக, சுருள் கூம்பி முடிகிற கொண்டை நம்மைப் பார்த்து இருக்கும். அப்படிப் பிடித்தால் சாதாரணச் சங்குக்கு வாய் இடப்பக்கம் வரும். அதனால் அது இடம்புரி. வாய் வலப்பக்கம் வந்தால் வலம்புரி. வெள்ளைக்காரர்கள் கிளிஞ்சலைப் படம் போடும்போது கொண்டையை மேலே வைத்துப் பிடிப்பார்கள். அப்படித் தலைகீழாகத் திருப்பினால் நம்ம வலம்புரி அவர்களுக்கு இடது கைச் சங்காகிவிடும். சுருள் அதேதான், பிடிக்கிற கைதான் வேறு. இது தெரியாமல் இணையத்தில் படித்துவிட்டு, "புத்தகத்தில் இடது என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் நம் வீட்டுச் சாதாரணச் சங்குதான் வலம்புரியா?" என்று கேட்டு என்னிடமே நாலு பேர் வந்திருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாச் சங்கில் வலம்புரி பிறப்பது பிறவி மாற்றம். லட்சத்தில் ஒன்று என்று எங்கள் ஊரில் சொல்வது வழக்கம். எண்ணிப் பார்த்து யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவ்வளவு அபூர்வம்தான். அப்பா நாற்பது வருடம் குடோனில் இருந்தார். கைக்குள் வந்த சங்கு எத்தனை மூட்டை என்று அவருக்கே தெரியாது. மரப்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஓட்டைக்குள் நுழைந்து விழுகிற சின்னச் சங்கைக் கடலுக்கே திருப்பிவிடுவார்கள், நிற்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பார்கள். அப்படி நின்றதெல்லாம் மூட்டையாக வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். அத்தனை மூட்டையிலும் அப்பா தன் கண்ணால் பார்த்த வலம்புரி ஒன்றே ஒன்று. அதைப் பார்த்த நாளைப் பற்றிச் சாகும்வரை பேசினார். எந்த வள்ளத்தில் வந்தது, யார் குளித்தது, அன்று என்ன காற்று என்பதுவரை சொல்லுவார். அதனால்தான் கடையில் வரிசையாக ஆறு வலம்புரி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு எரியும்.

சோதனை என்று கடைகளில் காட்டுவதையெல்லாம் நம்பாதீர்கள். காதில் வைத்தால் ஓம் கேட்கும் என்பார்கள். உள்ளே குழிவாக இருக்கிற எதைக் காதில் வைத்தாலும் அந்த ஓசை வரும், சொம்பை வைத்தாலும் வரும். செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான். சங்கின் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம்ம சங்காக இருந்தால், இடம்புரியோ வலம்புரியோ, அந்தத் தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரி திருகாணி மரை மாதிரி விரலில் தட்டும். வெளியில் எவ்வளவு அரைத்து மெருகேற்றினாலும் அந்த வரியை உள்ளே யாராலும் போட்டுவிட முடியாது. வழவழவென்று இருந்தால் அது வேறு சாதி. தோள் முள்ளை அரத்தால் ராவி, மேல்வரியைத் தேய்த்து எடுத்து, வெள்ளையாக்கி, வலம்புரி என்று தலையில் கட்டுவது ரொம்ப வருடமாக நடக்கிறது.

உங்கள் சித்தப்பா வீட்டுச் சங்கைப் பற்றிப் படத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்லமாட்டேன். விரலை விட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரியும்.

---

கரைநடை எழுதியது:

செல்வி, நான் சாரசோட்டாவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் விடிகாலை கரையில்தான் நடை. சங்குக்கார அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நீங்கள் எடுத்ததை இங்கே லைட்னிங் வெல்க் என்பார்கள். அந்தப் பழுப்பு வரிகள் மின்னல் கோடு மாதிரி கீழே இறங்குவதால் அந்தப் பெயர். டெக்சஸ் மாநிலம் 1987-இல் இதைத்தான் தன்னுடைய மாநிலச் சங்காக அறிவித்தது. உயிரோடு இருக்கும்போது மட்டி, சிப்பி வகைகளைத்தான் தின்னும். பதினாறு அங்குலம்வரைகூட வளரும்.

இந்தச் சாதியில் அநேகமாக எல்லாமே நம் கணக்குப்படி வலம்புரிதான். மற்ற சங்குகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சுற்ற, இது பிறவியிலேயே மறுபக்கம் சுற்றும். அதனால் மன்னார் வளைகுடாவுக்கு அப்படியே எதிர்க் கணக்கு இங்கே. இடம்புரியாகச் சுற்றிய லைட்னிங் வெல்க் ஒன்று கிடைத்தால் இங்கே இருக்கிற கிளிஞ்சல் சேகரிப்பவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். இந்தச் சங்கைப் புனிதமாக நினைத்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் வாழ்ந்த கலூசா மக்கள் இதைச் சுத்தியலாகவும் கோடரியாகவும் பயன்படுத்தினார்கள். அவர்கள் குவித்த சங்கு மேடுகளை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். உள்நாட்டில் இருந்த மக்களோ இதைக் கிண்ணமாக அறுத்து, சடங்கில் குடிக்கிற கறுப்புப் பானத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கடலே கண்ணில் படாத ஒக்லஹோமாவில், ஸ்பைரோ என்கிற இடத்து மண்மேட்டுக்குள் சித்திரம் செதுக்கிய வெல்க் கிண்ணங்கள் எத்தனையோ கிடைத்தன. திசை மாறிச் சுற்றிய சங்கில் ஏதோ இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்களுக்குத் தோன்றியிருக்கிறது. இதை நினைக்காமல் ஒரு வெல்க்கையும் என்னால் கையில் எடுக்க முடிவதில்லை.

சரி, அந்தக் கறுப்புக் கட்டை. படம் பார்க்காமலே கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம், அது கடல் பசுவின் விலா எலும்பு. இப்போது இங்கே உயிரோடு இருக்கும் மேனட்டி என்கிற கடல் பசுவுக்கு முன்னாலேயே டியூகாங் என்கிற வேறு கடல் பசு இனங்கள் இந்தக் கடலில் மேய்ந்தன. அவற்றின் விலா மற்ற மிருகங்களைப் போல உள்ளே பஞ்சாக இருக்காது, முழுக்கக் கெட்டி. ஆழமில்லாத நீரில் புல் மேயும்போது மிதந்து மேலே வந்துவிடாமல் உடம்பைக் கீழே பிடித்துவைக்கிற கனம் அது. அப்படிக் கெட்டியாக இருப்பதால்தான் உடையாமல் இத்தனை லட்சம் வருடம் தாங்கியிருக்கிறது. வாழைப்பழ வளைவு, முனையில் உடைந்த இடத்தைப் பார்த்தால் ஓட்டையில்லாத கறுப்பு, இரண்டும் இருந்தால் அதேதான்.

ஆனால் அதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் அரசு நிலத்தில் சுறாப்பல்லை யாரும் எடுக்கலாம், அனுமதி வேண்டாம். கிளிஞ்சல் புதைபடிவத்துக்கும் வேண்டாம். முதுகெலும்புள்ள மற்ற விலங்குகளின் புதைபடிவத்துக்குக் கெயின்ஸ்வில்லில் இருக்கும் ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கஷ்டமான காரியம் இல்லை. விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வருட முடிவில் கிடைத்தவற்றின் பட்டியலை அனுப்பவேண்டும். அவர்களுக்கு ஆராய்ச்சிக்குத் தேவையானதாக இருந்தால் கேட்பார்கள், இல்லாவிட்டால் உங்களுடையதே. தெரியாமல் எடுத்ததற்காகப் பயப்படாதீர்கள். கிடைத்த இடத்தையும் தேதியையும் எழுதிவைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கே எழுதிக் கேளுங்கள். பாப்பாவுக்கும் அது நல்ல பழக்கம்.

பல்லைப் பற்றிக் கொஞ்சம். கறுப்பு நிறத்தை வைத்து எந்தச் சுறா, எத்தனை வயது என்று சொல்ல முடியாது. சுறாவுக்கு எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது அழிந்துபோகும். பல் மட்டும் வரிசை வரிசையாக விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். உதிர்ந்த பல் சேற்றில் புதைந்து அங்கே இருக்கிற கனிமத்தை உறிஞ்சும். இந்தப் பக்கம் பாஸ்பேட் மண் அதிகம், அதனால் கறுப்பு. வேறு மண்ணில் புதைந்தால் பழுப்போ சாம்பலோ ஆகும். இனம் தெரியவேண்டுமென்றால் ஓரத்தையும் வேரையும் பாருங்கள். உங்கள் நகம் அளவுப் பல்லில் ரம்பம் ஒரு பக்கம் நுனிவரை போகாமல், மறுபக்கம் பெரிய பெரிய பல்லாக இருந்தால் அது ஹெமிப்ரிஸ்டிஸ், கொக்கிப்பல் சுறா என்று வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் ஆழமான வெட்டும், சேவல் கொண்டை போன்ற வளைவும் இருந்தால் புலிச்சுறா. நேராக ஒல்லியாக ஆங்கில 'T' எழுத்து மாதிரி நின்றால் எலுமிச்சைச் சுறா. அடுத்த தடவை வடிகூடை வேண்டாம், கடலோரத் தூண்டில் கடைகளில் நீளக் கைப்பிடி வைத்த கம்பிக்கூடை வாடகைக்குத் தருவார்கள், முதுகு பிழைக்கும்.

உள்ளங்கை அளவு மெகலோடன் (அழிந்துபோன ராட்சதச் சுறா) பல் படங்களைக் காட்டி யாராவது ஆசை காட்டினால், அவை பெரும்பாலும் கரையிலிருந்து தள்ளி முக்குளிப்பவர்கள் எடுத்தவை என்று பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். கரையில் முழுசாகக் கிடைப்பது ரொம்பக் குறைவு. அரிசிப் பல்லே நாற்பத்தொன்று என்றால் அது நல்ல நாள்.

ஊருக்குக் கொண்டு போவதைக் கேட்டீர்கள். காலியான வெல்க் நான் எடுத்துப் போயிருக்கிறேன், சிக்கல் வந்ததில்லை. பவளத் துண்டும் குயின் காங்க் என்கிற பெரிய சங்கும் மட்டும் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம், இரண்டும் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்கிற உலக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. தெற்கே சானிபெல் தீவுக்குப் போனால் இன்னும் கவனம். கிளிஞ்சலுக்குப் பெயர்போன தீவு அது, 1995-லிருந்து உயிருள்ள கிளிஞ்சலை அங்கே எடுக்கவே கூடாது. வாயில் பழுப்பு மூடி அடைத்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

---

வடகடல் மணி எழுதியது:

கடல் கண்ணாடிக்கு நான் பதில் சொல்கிறேன். நான் இங்கிலாந்தில் சுந்தர்லாந்தில் இருக்கிறேன். பக்கத்தில் சீஹாம் என்று ஒரு ஊர். அங்கே 1850-களில் தொடங்கி 1921-வரை பெரிய பாட்டில் தொழிற்சாலை ஒன்று ஓடியது. வீணான கண்ணாடியைக் கடலில்தான் கொட்டினார்கள். நூறு வருடம் கூழாங்கல்லோடு உருண்டு உருண்டு இப்போது கற்கண்டு மாதிரி வருகிறது. வெள்ளை, பச்சை, பழுப்பு தினமும் கிடைக்கும். நீலம் கிடைத்தால் அன்று நல்ல நாள். சிவப்பு எனக்கு ஆறு வருடத்தில் இரண்டு. ஒரே துண்டுக்குள் இரண்டு மூன்று நிறம் சுழித்துக்கொண்டிருப்பதும் உண்டு, அதுதான் சீஹாமின் தனி அழகு.

கண்ணாடி கிடைக்க மூன்றும் வேண்டும். பக்கத்தில் எப்போதோ குப்பையோ தொழிற்சாலையோ இருந்திருக்கவேண்டும், தேய்க்கக் கல் வேண்டும், அடிக்க அலை வேண்டும். உங்கள் பக்கம் வெறும் மணலும் சாதுவான கடலும் என்று கேள்வி. கலிபோர்னியா போனால் ஃபோர்ட் பிராக் என்ற ஊரில் பழைய குப்பைமேட்டுக் கரை இருக்கிறது, பாப்பாவுக்குக் காட்டுங்கள். ஆனால் அங்கே மாநிலப் பூங்காப் பகுதியில் எடுக்கக் கூடாது, பார்க்கத்தான். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பினால் என் டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி அஞ்சலில் போடுகிறேன். நீலத்திலும் ஒன்று வைக்கிறேன்.

---

செல்வி (டாம்பா) எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மணி அண்ணா, மகள் இப்போதே தபால் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

விரலை விட்டுப் பார்த்தேன். வழவழ. ஒரு வரிகூடத் தட்டவில்லை. நகம் அளவுப் பல் கரைநடை ஐயா சொன்ன கொக்கிப்பல்தான், ஒரு பக்க ரம்பம் நுனிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. விலா எலும்புக்கு அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டேன். கடல் பசு என்று சொன்னதும் என் கணவர், "அட, நம்ம ஆவுளியாவா!" என்றார். அவர் ராமநாதபுரம் பக்கம்.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்தச் செவ்விந்தியர் கிண்ணக் கதையை மறுபடி சொல் என்று கேட்டார். சொன்னேன். "அப்பம் அதுவும் சாமிச் சங்குதான். நீ கொண்டு வா, நான் விளக்குப் பக்கத்துல வைக்கேன்" என்றார்.

சித்தப்பா விஷயம்தான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் என் தங்கை போய்ப் பார்த்தாள். அதுவும் வழவழ. தோளைச் சுற்றி முள் இருந்த இடம் விரலில் லேசாக நெருடுகிறதாம். அவருக்கு எழுபத்து மூன்று வயது. சித்தி போன பிறகு வாங்கியது அது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சங்குக்குப் பால் ஊற்றுகிற நேரத்தில்தான் வாய்விட்டு நாலு வார்த்தை பேசுகிறார் என்று தங்கை சொல்கிறாள். சொல்வதா வேண்டாமா?

---

முத்துநகர் சங்குக்காரர் எழுதியது:

தங்கச்சி, என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். வாங்கின அன்றே நீங்கள் கேட்டிருந்தால் அந்தக் கடை வாசலில் நானே போய் நின்றிருப்பேன். இன்றைக்குச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லவேண்டாம். அவராகக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் வேறு யாராவது அந்தக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினால் மட்டும் உடனே விரல் சோதனையைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். இங்கே படிக்கிற எல்லாருக்கும் அதையேதான் சொல்கிறேன்.

ஆவுளியா என்று சொன்னீர்களே, என் தாத்தா பாக் நீரிணைப் பக்கம் குளிக்கப் போகும்போது கூட்டமாகப் பார்த்திருக்கிறார். இப்போது பார்த்தேன் என்று சொல்கிற ஆளே குறைந்துவிட்டது. 2022-இல் நம் அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. அந்த விலா எலும்பை மகளுக்குக் காட்டும்போது, இதே சொந்தம் ஒன்று அப்பா ஊர்க் கடலில் இன்னும் புல் மேய்கிறது என்று சொல்லுங்கள்.

அம்மா விளக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார்கள் என்றால் சங்கைச் சுத்தம் செய்யவேண்டும். வினிகர், எலுமிச்சை, கழிவறைத் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள். சங்கு சுண்ணாம்புதான், புளிப்பு பட்டால் மேல் பளபளப்பு அரித்துப் பவுடர் பூத்துவிடும், அந்த மின்னல் வரியும் போய்விடும். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஓட்டுயிரான கொட்டலசை மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள், கம்பி வேண்டாம். உள்ளே மணல் நிற்கும், வாயைக் கீழே பார்க்க வைத்து ஓர் இரவு வடியவிடுங்கள். நிழலில் காய்ந்த பிறகு இரண்டு சொட்டு குழந்தை எண்ணெய் துணியில் தொட்டுத் துடைத்தால் வரி நன்றாக எழும்பி வரும். பெட்டிக்குள் வைக்கும்போது மூக்கு நீளமாக இருக்கும், அதுதான் முதலில் உடையும். அங்கே மட்டும் இரண்டு சுற்று துணி கூடுதலாகச் சுற்றுங்கள்.